ஜெபா டீச்சரும் ‘வேணாம்’ பொத்தானும்

கேள்வியைக் கேட்டு முடித்ததும் ஜெபா டீச்சர் ஒரு கிராம்பை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறார். அது அங்கே இருக்கும்வரை பேசக்கூடாது என்பது தமக்குத் தாமே போட்டுக்கொண்ட சட்டம். எதிரே எழில், எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டும் கைபேசியை மூக்கருகே பிடித்துக்கொண்டு, “ப... பட...” என்று தேடுகிறான். பதில் டீச்சரின் நாக்கு நுனியில் துடிக்கிறது. கிராம்பின் காரம் தொண்டைக்குள் இறங்குகிறது. “படகு!” என்று எழில் கத்திய பிறகுதான் அவர் வாயைத் திறக்கிறார். திறந்தால் லேசில் மூடாது.

அடிப்படையில் பெரிய வாயாடி. திருக்கழுக்குன்றத்திலிருந்து காலையில் வரும் பஸ்ஸில், கண்டக்டர் மகளுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்பதுவரை அவருக்குத் தெரியும். பிறந்தது அச்சரப்பாக்கத்தில். அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண். “எங்க வூட்ல அத்தன பேரும் ஒரே நேரத்துல பேசுவோம். யாரு பேசறதும் யாருக்கும் கேக்காது” என்று சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, பேசச் சிரமப்படும் பிள்ளைகளின் எதிரே உட்கார்ந்து காத்திருப்பது.

கடற்கரைச் சாலையை ஒட்டிய பள்ளிக்கூடம் ஒன்றின் பின்பக்கம் இரண்டு அறைகள். அதுதான் சிறப்புப் பிள்ளைகளுக்கான மையம். ஜோயலுக்குக் கைவிரல்கள் சொன்னபடி கேட்காது. அதனால் உள்ளங்கை அகல மஞ்சள் பொத்தான் ஒன்று அவன் மேசைமீது இருக்கிறது. வருகைப் பதிவில் அவன் பெயர் வந்ததும் முழங்கையால் ஓங்கி ஒரு குத்து விடுவான். “உள்ளேன் டீச்சர்!” என்று பொத்தான் கூவும். முழங்கை குறி தவறினால் மறுபடி குத்தும்வரை வகுப்பு காத்திருக்கும். டீச்சர் அடுத்த பெயருக்குப் போகமாட்டார்.

மையத்துக்கு இருப்பது ஒரே ஒரு டேப்லெட். படங்கள் நிறைந்த திரை. படத்தைத் தொட்டால் அது பேசும். பத்து வயதுத் தமிழரசிக்குப் பேச்சு வரவில்லை. கோபம் வந்தால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். அங்கே தோல் காய்த்துப்போயிருக்கும். முதல்நாள் அவள் தண்ணீர்ப் படத்தைத் தொட்டதும், “எனக்குக் குடிப்பதற்குத் தண்ணீர் வேண்டும்” என்றது டேப்லெட். மகளை அழைத்துப்போக வந்திருந்த ஆதியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குப்பத்திலிருந்து ஏனங்களில் மீன் சுமந்து விற்பவர்.

“இன்னா மிஸ், நியூஸ் வாசிக்கிறா மாதிரி கீது! எங்க தெருவுல இப்படிக் கேட்டா எவன் தண்ணி குடுப்பான்?”

டீச்சருக்கு அது நியாயமாகப் பட்டது. தமிழரசியின் சித்தி மகள் கவியாவை வரவழைத்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அவள் குரலிலேயே ஒவ்வொரு சொல்லாகப் பதிந்தார். தண்ணி குடு. பசிக்குது. வலிக்குது. வேணாம். இந்த ‘வேணாம்’ பதியும்போது மட்டும் சாலையில் போன பஸ் ஹாரன் அடித்துவிட்டது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டதுதான் வம்பு. தமிழரசிக்கு அந்த ஹாரனோடு சேர்ந்த ‘வேணாம்’ தான் பிடித்திருந்தது.

“பொட்டியே பேசிட்டா எம்பொண்ணு எப்ப மிஸ் வாயத் தொறக்கும்?” என்று ஆதியம்மாள் ஒருநாள் கேட்டார்.

“வாய் தொறக்குமா தொறக்காதான்னு எனக்குத் தெரியலக்கா. பொய் சொல்லமாட்டேன். ஆனா உள்ள கீறது வெளிய வரணும் இல்ல?”

வெளியே வந்தது. டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மறுநாள் காலை, ஆதியம்மாள் சீப்பை எடுத்ததும் தமிழரசி திரையைத் தொட்டாள். ஹாரனோடு ‘வேணாம்’. ரிப்பனை எடுத்ததும் மறுபடி. ஆதியம்மாள் டேப்லெட்டைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். “பேசக் கத்துக்குடுன்னா எதுத்துப் பேசக் கத்துக்குடுத்துட்டியே மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பின் மகளை அனுப்பவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் குப்பத்துக்கு நடந்தார். சமாதானம் சொல்ல அன்று காலை பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார். எதுவும் தேவைப்படவில்லை. ஆதியம்மாள் வலை நிழலில் உட்கார்ந்து மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

“நேத்து சட பின்னல மிஸ். எப்படியோ போன்னு உட்டுட்டேன். அதுலருந்து ஒரு தபா கூடக் கையக் கடிக்கல.” மீனை அலசிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “தலையத் தொட்டாலே அதுக்கு வலிக்குது போல. இத்தன வருசமா நான் இழுத்து இழுத்துப் பின்னிக்கினு கீறேன்.”

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் ஒரு மீனை எடுத்துத் தரம் பிரிக்கத் தொடங்கினார். திங்கட்கிழமை தமிழரசி கிராப் வெட்டிய தலையோடு வகுப்புக்கு வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, சென்னை அறக்கட்டளை ஒன்றிலிருந்து பாலசுப்ரமணியன் என்பவர் வந்தார். நல்ல மனிதர், ஜோயலின் பொத்தானைத் தாமும் முழங்கையால் குத்திப் பார்த்தார். இன்னும் நான்கு டேப்லெட் தரலாம் என்றார். ஒன்றையே முறைவைத்துத் தொட்டுவந்த வகுப்பில், அந்தச் சொல்லைக் கேட்டு டீச்சரின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

“மேலே காட்ட ஒரு போட்டோ வேணும் மேடம். பாப்பா டேப்லெட்டோட சிரிக்கிற மாதிரி.”

தமிழரசி அவர் நீட்டிய கைபேசியைப் பார்த்தாள். பிறகு திரையைத் தொட்டாள். “வேணாம்.”

“அட, சூப்பர்! இன்னொரு தடவை சொல்லும்மா!” என்று அவர் கைபேசியை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

“வேணாம்.”

வாசலில் நின்ற ஆதியம்மாள், “அது தெளிவாத்தான சார் சொல்லுது?” என்றார்.

பாலசுப்ரமணியனின் கை தாழ்ந்தது. “எனக்குப் புரியுதும்மா. ஆனா போட்டோ இல்லாம ஆபீஸ்ல ஒத்துக்கமாட்டாங்க. நாலு பசங்களுக்கு உதவற விஷயம்...” என்று டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் ஜோயலைப் பார்த்தார், எழிலைப் பார்த்தார். பிறகு குனிந்து, “நீ போய் வெளையாடு கண்ணு” என்றார். தமிழரசி எழுந்து ஜன்னல் பக்கம் ஓடினாள். அவள் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன நாற்காலியில், முழங்கால்கள் மார்பில் இடிக்க, ஜெபா டீச்சர் தம்மை நுழைத்துக்கொண்டார். டேப்லெட்டை எடுத்து மடியில் நிறுத்தி, சேலை மடிப்பைச் சரிசெய்து, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.