தகரத்தில் விழுந்த பந்து

என் வாழ்க்கையில் நான் மிகவும் நன்றியோடு நினைக்கும் சத்தம், எங்கள் கொழுந்தனாரின் கோழிப்பண்ணைத் தகரக் கூரையில் ஒரு கோல்ஃப் பந்து விழுந்த சத்தம். கேட்ட அன்றைக்கு நன்றியெல்லாம் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

நான் ஜாக்கெட் தைக்கிறவள். திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே எங்கள் வீடு. முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு ஆள் உயரக் கண்ணாடி, ஒரு திரை. இருபத்தைந்து வருஷமாக அதுதான் என் கடை. வீட்டுக்காரர் ரிக் தொழிலில் இருந்தவர். போர் போடும் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தார். கடல் தாண்டிப் போய் ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனுஷர், சொந்தக் காட்டில் மூன்று போர் போட்டார். மூன்றிலும் தண்ணீருக்குப் பதில் கல்தூள் புகைதான் வந்தது. ஐந்து ஏக்கரும் தரிசாகக் கிடந்தது. அதைச் சொல்லி நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் குறைவு.

அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் போர் போடப் போன இடத்தில், அந்த விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் வெளிநாட்டிலிருந்து தங்கம் கொண்டு வந்தார்கள், டிவி கொண்டு வந்தார்கள். இவர் ஒரு நீளப் பை நிறைய மட்டைகள் கொண்டு வந்தார். அதில் பெரிய தலை வைத்த மட்டைக்கு டிரைவர் என்று பெயர். முதல் அடியைத் தூரமாக அடிப்பதற்கு அதுதானாம். லாரிக்காரர்கள் நிறைந்த ஊரில் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டு யாரால் நிம்மதியாக இருக்க முடியும்? "அண்ணன் டிரைவரைத் தூக்கிட்டுப் போறாரு" என்று ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் கேலி பேசினார்கள்.

அவர் அதைச் சட்டை செய்யவில்லை. தரிசுக் காட்டில் ஒரு தேங்காய்நார் மிதியடியை விரித்து, அதன்மேல் பந்தை வைத்துத் தினமும் காலையில் அடிப்பார். காட்டின் கடைசியில் மூன்று பனை. நடுப்பனைதான் குறி. வலப்பக்கம் கொழுந்தனாரின் மரவள்ளிக் காடு. இடப்பக்கம் அவருடைய கோழிப்பண்ணை. கூடப்பிறந்த கொழுந்தனார் இல்லை, பங்காளி வகையில். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றார். "ஏம்புள்ள, காஜா சின்னதா எடுத்துட்டியா?" என்றார். பேச்சு குழறியது. நான் கத்திய கத்தலில் கொழுந்தனார் ஓடி வந்தார். முட்டை ஏற்றப் புறப்பட்டு நின்ற வண்டியில் அவரைப் படுக்க வைத்து ஈரோட்டுக்குக் கொண்டுபோனார். பக்கவாதம், நேரத்துக்கு வந்ததால் தப்பித்தார் என்று டாக்டர் சொன்னார். அந்த முட்டை வண்டியை இன்றைக்கும் ரோட்டில் பார்த்தால் என் கை தானாகக் கும்பிடப் போகும்.

பேச்சு இரண்டு வாரத்தில் வந்தது. கால் இரண்டு மாதத்தில் வந்தது. வலக்கைதான் வரவில்லை. பிடிக்கும், தூக்கும், ஆனால் திரும்பாது. சொம்பைப் பிடித்துத் தூக்குவார். கவிழ்த்துத் தண்ணீர் ஊற்ற வராது. மணிக்கட்டுக்குக் கீழே யாரோ பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். குளிக்கும்போது நான்தான் ஊற்றினேன். ரிக்கில் இரும்புக் குழாயைக் கழற்றி மாட்டிய கை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். நானும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.

பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்த பெண், அவருக்குப் பிடித்த வேலை எதையாவது இரண்டு கையாலும் செய்யச் சொன்னாள். அவர் டிரைவரை எடுத்தார். அடித்த பந்தெல்லாம் வலப்பக்கமாக வளைந்து மரவள்ளிக் காட்டில் போய் விழுந்தது. பத்து அடித்தால் பத்தும். கொழுந்தனார் சாயங்காலம் பொழுதோடு ஒரு வாளியில் பொறுக்கிக் கொண்டு வந்து வைப்பார். "அண்ணி, கெழங்கு தோண்டுனா வெள்ளையா உருண்டையா வருதுங்க. புது ரகமாட்ட இருக்குது" என்பார். வீட்டுக்காரர் முன்பென்றால் சிரித்திருப்பார். அப்போது சிரிக்கவில்லை.

எனக்குக் கோல்ஃப் தெரியாது. ஆனால் ஒரு துணி எங்கே இழுக்கிறது என்று பார்க்கத் தெரியும். துணியில் கோடு போடும் சாக்கட்டியைப் பொடித்து மட்டையின் முகத்தில் பூசிவிட்டேன், பந்து படுகிற இடம் தெரியட்டும் என்று. அவர் அடிப்பதைப் போனில் எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். பந்தைத் தொடும் நேரத்தில் வலக்கை திரும்பியிருக்க வேண்டும். அது திரும்பவில்லை. அதனால் மட்டையின் முகம் வலப்பக்கம் பார்த்தபடியே பந்தை அடித்தது. சொம்பில் வந்த அதே பூட்டுத்தான் மட்டையிலும்.

போனிலேயே இன்னொன்றும் பார்த்தேன். அந்த மாதிரி மட்டையை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாமாம். அதற்கென்று ஒரு குட்டிச் சாவி பையிலேயே கிடந்தது. அவரிடம் சொன்னேன்.

"ஆளு சரியில்லாததுக்குச் சாமான மாத்துவாங்களா?" என்றார்.

"நான் தெனமும் அதத்தானுங்க செய்யறேன். ஒருத்திகிட்டயாச்சும் உன்ற தோள் சரியில்ல, சரி பண்ணிட்டு வான்னு சொல்லியிருக்கறனா?"

"நான் ஜாக்கெட் இல்ல புள்ள."

மட்டையை மாற்றினால், கை இனி இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவர் நினைத்தார். எனக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் அடுத்த வாரம் மட்டைப் பையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். கைப்பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் பந்தையும் பரண்மேல் போட்டுவிட்டார். கையை விட்டுவிட்டார் என்றால் அந்தக் கை அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது திரையை இழுத்துவிட்டு, தைக்கிற மேசைமேல் மட்டையைக் கிடத்தினேன். அடியில் இருந்த திருகைச் சாவியால் கழற்றியதும் தலை தனியாக வந்துவிட்டது. கழுத்தில் ஒரு வளையம், அதில் கோடுகள், ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. கூட்டல் பக்கமாகத் திருப்பி மாட்டினால் முகம் கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் இடப்பக்கமும் பார்க்கும். பந்து நன்றாக உயரும், வலப்பக்கம் ஓடுவதும் குறையும். தலைக்கு அடியில் இரண்டு எடைத் திருகாணிகள் இருந்தன. கனமானதைத் தண்டுக்குப் பக்கத்தில் மாற்றினேன். இப்போது நுனி லேசாகிச் சீக்கிரம் திரும்பும். அவர் கை திரும்பாத அளவுக்கு மட்டையே திரும்பிக்கொள்ளும். சாவி 'டக்' என்று சொல்லும்வரை இறுக்கினேன். என் அளவு நோட்டில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பழைய கோடு எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டேன். பழைய தையல் இருந்த இடத்தைக் குறிக்காமல் நான் எதையும் பிடித்துத் தைப்பதில்லை.

பிறகு பரணிலிருந்து ரப்பர் பந்தையும் எடுத்து வைத்துவிட்டு, "கொடுக்கறதுன்னா கொடுங்க, கடசியா ஒரு தடவ அடிச்சிட்டுக் கொடுங்க" என்று மறுநாள் காலையில் அவரைக் கிளப்பினேன்.

முதல் பந்து உயர எழுந்து, வலப்பனை வரைக்கும் போய், அதற்கு மேல் ஓடாமல் நின்றது. இரண்டாவது நடுப்பனைக்கே. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, கல்யாணத்தன்று கூட அப்படிப் பார்த்ததில்லை. "வந்துருச்சு புள்ள! கை வந்துருச்சு!" நான் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டிவிட்டு, கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி உள்ளே ஓடி வந்துவிட்டேன். அழுகையும் வந்தது, திருடிய மாதிரியும் இருந்தது.

அன்றிலிருந்து மூன்று மாதம் ஒரு நாள் விடவில்லை. காலையில் நூறு பந்து, பொழுதோடு ரப்பர் பந்து. போவோர் வருவோரிடமெல்லாம் கை வந்துவிட்டது என்று சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே உறுத்தியது. குளிக்கும்போது மட்டும் இடக்கையால் ஊற்றிக்கொள்ளப் பழகியிருந்தார். அதை இருவரும் பேசவில்லை.

அப்புறம்தான் அந்தச் சத்தம். தகரத்தில் 'டமார்' என்று ஒன்று. பண்ணையில் இருந்த கோழி அத்தனையும் ஒரே குரலில் கத்தியது. பந்து இடப்பக்கம் வளைந்து போயிருந்தது. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் நாலு. அவர் எப்படி நின்று பார்த்தாலும் பந்து இடப்பக்கமே போனது. ஐந்தாம் நாள் மட்டையை மிதியடிமேல் போட்டுவிட்டு வந்து வாசல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"போச்சு புள்ள. திரும்பவும் என்னமோ ஆயிருச்சு. டாக்டர்கிட்டப் போலாம் வா" என்றார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நான் செய்த திருட்டு வேலையால்தான் இப்படி ஆனதோ என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் வந்து சேர்ந்தார். கையில் நாலு பந்து, முகத்தில் கடுகடுப்பு.

"அண்ணா, நானும் அஞ்சு நாளாப் பொறுத்துப் பாத்துட்டேனுங்க. கோழி மெரண்டு போயிக் கெடக்குது. முட்ட கொறஞ்சா நான் என்னங்க பண்றது?"

சண்டைக்கே வந்திருந்தாலும் வந்தவருக்கு முதலில் தண்ணீர். எங்கள் பக்கத்தில் அது கேட்டுச் செய்வது இல்லை. நான் சொம்பையும் டம்ளரையும் கொண்டு வந்து கட்டில்மேல் வைத்தேன். "இரு, மொதல்ல தண்ணி குடி" என்று வீட்டுக்காரர் எரிச்சலோடு சொம்பை எடுத்து டம்ளரில் ஊற்றினார். கொழுந்தனார் வாங்கிக் குடித்தார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஊற்றியது வலக்கையால். சொம்பு முழுசாகக் கவிழ்ந்தது. அவருக்கே தெரியவில்லை.

பஞ்சு மில்லுக்குப் போகும் ஒரு பெண் என்னிடம் தைப்பாள். மஞ்சள் காமாலை வந்து எலும்பாகிப் போனபோது, அவளுடைய ஜாக்கெட்டை எல்லாம் பக்கத்துக்கு இரண்டு விரல் பிடித்துக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துச் சண்டைக்கு வந்தாள், ஜாக்கெட் சுருங்கிப் போய்விட்டது, மூச்சு முட்டுகிறது என்று. "ஜாக்கெட் சுருங்கல சாமி, நீ தேறிட்ட" என்று சொல்லித் தையலைப் பிரித்துவிட்டேன். அந்தப் பெண் என் கண்முன் வந்து நின்றாள். அவளுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மத்தியானத்தில் திரையை இழுத்துவிட்டது, சாவி, கூட்டல் குறி, திருகாணி, எல்லாம். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப இந்த மூணு மாசமா நேராப் போனது?"

"பாதி என்ற வேலைங்க."

"என்ற கையின்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்சனே புள்ள."

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. "இப்ப உங்க கைதானுங்க" என்றேன். "கை திரும்பாதப்பத் திருப்பி வெச்ச மட்ட அது. இப்பக் கையும் திரும்புது, மட்டையும் திரும்புது. ரெண்டுஞ் சேந்துதான் பந்து பண்ணைக்குப் போகுது. மட்ட கெடலீங்க, கையும் கெடலீங்க. நீங்க தேறிட்டீங்க."

அவர் நம்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் கொழுந்தனார், காலி டம்ளரை இன்னும் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, எனக்கு எந்தக் கையில தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டார்.

மூன்று பேரும் அந்த வலக்கையைப் பார்த்தோம். அது சொம்பின் கழுத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் அளவு நோட்டை எடுத்து வந்து பழைய கோட்டைக் காட்டினேன். அவர் சாவியைத் தானே வாங்கி, வலக்கையாலேயே கழற்றினார். வளையத்தைப் பழைய நடுக்கோட்டுக்குக் கொண்டு வந்தார். கனமான திருகாணியைப் பழைய இடத்துக்கு மாற்றினார். இறுக்கும்போது சாவி 'டக்' என்று சொல்லும்வரை விடவில்லை. பிறகு மிதியடிக்குப் போய் அடித்தார். நானும் கொழுந்தனாரும் பந்தைப் பார்க்கவே இல்லை. தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது நடுப்பனைக்குப் பக்கத்தில் புழுதி எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. "முன்ன மாதிரித் தூரம் போகலீங்ணா" என்றார் கொழுந்தனார். அவருக்கு அந்த வாய் மட்டும் அடங்காது. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். சொம்பைத் தூக்கி, இந்தத் தடவை தன் கையையே பார்த்தபடி மெதுவாகக் கவிழ்த்தார். டம்ளர் நிறைந்தது. என் விரல்மேல் வழிந்தது, புடவை நனைந்தது.

"நெறஞ்சிருச்சுங்க, போதுங்க" என்றேன். அவர் நிறுத்தவில்லை.