ஏரிக்கு வரும் வள்ளம்

மன்னாரில் குண்டு விழத் தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. எல்லோரும் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, பாரம் தாங்காது, ஒருவர் இறங்கவேண்டும் என்றார் ஓட்டி. அப்பா இறங்கினார். எதிலும் முந்திக்கொள்கிறவர் அவர். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அம்மாவிடம், “நீர் பிள்ளையோட போம். நான் அடுத்த வள்ளத்தில வாறன்” என்றார்.

இராமேசுவரத்தில் கரையேறிய எங்களை ரயிலில் அனுப்பி, மொரப்பூரில் இறக்கி, லாரியில் ஏற்றி, ஒரு காய்ந்த ஏரிக்கரை முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். அப்பா சொன்ன சொல் தவறமாட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடலில்லாத ஊருக்கு வள்ளம் எப்படி வரும் என்பதுதான் என் கவலை. ஏரிக்குள் ஆடு மேய்த்த அக்காவிடம், இங்கே கடல் எங்கே என்று கேட்டேன்.

“கடலுக்கு எங்க போறது கண்ணு? இந்த ஏரி ரொம்புனா பாரு, கடலாட்டம் இருக்கும்” என்று சிரித்தார்.

எனக்கு அது போதும். அன்றுமுதல் தினமும் மழைக்கு வேண்டிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஒரு நாள் காலையில், “ஏரி கோடி போவுதுங்கோ!” என்று ஊரே கத்திக்கொண்டு ஓடியது. நிறைந்து வழிவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கரையில் பம்பை அடித்தார்கள், பொங்கல் வைத்தார்கள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் எனக்கு ஒரே குதூகலம். அம்மாவிடம் ஓடினேன்.

எங்கள் தகரக் கொட்டகையில் சித்தப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசி வள்ளத்தில் தப்பி, அன்று விடியற்காலையில்தான் முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

“அம்மா, ஏரி நிறைஞ்சிட்டுது! இனி அப்பான்ர வள்ளம் வரும்!”

சித்தப்பா எழுந்து வெளியே போனார். அவருக்கும் ஏரியைப் பார்க்கும் ஆசை என்று நினைத்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷம் வந்தாலும் அழுகிறவள்தான் அவள்.

நாங்கள் கிளம்பிய மறுநாளே, அடுத்த வள்ளத்துக்காகக் கரையில் நின்ற அப்பாமேல் குண்டு விழுந்ததை, முகாமிலிருந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகே எனக்குச் சொன்னார்கள். ஏரி நிறைந்த அன்று மாலை அம்மா என் கையைப் பிடித்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். இருட்டும்வரை இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வள்ளம் தெரிந்தால் முதலில் நான்தான் சொல்வேன் என்று அம்மாவிடம் பந்தயம் கட்டினேன். சரி என்றாள்.