நான் பேசிய பேச்சும் மாமி போட்ட சோறும்

சுகாதாரப் பேச்சாளர் வேலை என்பது, தான் செய்யாததை அடுத்தவனைச் செய்யச் சொல்லிச் சம்பளம் வாங்கும் வேலை. தொண்ணூறுகளில், சண்டைக்கு நடுவே, மட்டக்களப்புப் பக்கத்து வாலிபர்களுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வராமல் தடுப்பது என் பொறுப்பு. பேச்சு மூன்றே வரிதான். தினமும் உடம்பை அசையுங்கள், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடியுங்கள், சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்சம் நடங்கள்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அப்பாவுக்கு இதே வருத்தத்தில் ஒரு காலை வெட்டி எடுத்திருந்தார்கள். அது எனக்கும் வந்துவிடும் என்று உள்ளூரப் பயந்து கொண்டேதான் ஊருக்குப் பேசித் திரிந்தேன். உபதேசம் செய்து பிழைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால் இனி நடந்ததெல்லாம் அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

ஓடச் சொன்னது

செட்டிபாளையத்தில் முப்பது வாலிபர்களைக் கூட்டி, காலையில் அரை மணி நேரம் ஓடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த கிழமை போய்க் கேட்டால் ஒருவன்கூட ஓடவில்லை. சும்மா விடுவேனா? சோம்பலைப் பற்றி இன்னொரு பேச்சைத் தொடங்கினேன். பின்வரிசையில் இருந்த ஒருவன் மரியாதையாக எழும்பி நின்றான்.

"சேர், எங்கட றோட்டில ஓடுறவனச் சுடுவாங்க. நடக்கிறவன மறிச்சு அடையாள அட்டை கேப்பாங்க. சும்மா குந்தி இருக்கிறவனுக்குத்தான் ஆயுள் கூட."

நடந்து காட்டியது

சரி, நாமே முன்மாதிரியாக இருப்போம் என்று, வேலை முடிந்ததும் புளியந்தீவில் ஒரே தெருவைக் கைவீசிச் சுற்றத் தொடங்கினேன். மூன்றாவது சுற்றில் இராணுவக் காவலரணிலிருந்து விசில் வந்தது. ஒரே ஆள் ஒரே இடத்தை மூன்று தரம் நோட்டம் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

கையைத் தூக்கச் சொல்லிச் சோதித்த சிப்பாய் என் இடுப்பருகே வந்ததும் நின்றுவிட்டார். சட்டைக்குள் எதையோ கட்டியிருக்கிறேன் என்று நினைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். அது என் வயிறு. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் என் உத்தியோகத்தை விளக்கினேன். அவர் வயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், மஹத்தயா என்று மரியாதை வைத்துச் சொன்னார்.

"மஹத்தயா கட்டாயம் நடக்க வேணும். ஆனா வேற றோட்டில நடங்க."

வெற்றி அறிக்கை

மூன்று மாதம் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. போன ஊரிலெல்லாம் வாலிபர்கள் ஆறரை மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவதாகச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "தொடர் விழிப்புணர்வின் பயன்" என்று மேலிடத்துக்கு இரண்டு பக்க அறிக்கை எழுதி, கூட வேலை பார்த்த மருத்துவிச்சி ரஞ்சி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"கரண்டும் மண்ணெண்ணெயும் இல்லாத ஊரில இருட்டுக்குள்ள மீன் முள்ளுப் பாத்துத் தின்ன ஏலுமா தம்பி? பொழுதுபட முந்தித் தின்டுட்டுப் படுக்காங்க. உங்கட பேச்சால இல்ல."

மாமி வீட்டு விளக்கு

ஊரே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த அந்தக் காலத்தில், ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. அது நான் இருந்த வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். மாமியாருக்கு அவன் எத்தனை வருஷமானாலும் விருந்தாளிதான்.

நான் ஆறு மணிக்கு வீடு வந்ததும் தேத்தண்ணியும் பலகாரமும் வரும். அது செமித்த பிறகுதான் மாமி உலை வைப்பார். மருமகனுக்கு ஆறின சோறு போடுவது குடும்பத்துக்கே இழுக்காம். ஒன்பதரைக்குச் சுடுசோறு, இறால் குழம்பு, மேலே எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும். இருந்த ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் எனக்காகத்தான் எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி வேண்டாம் என்பது? "நீயாவது சொல்லேன்" என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

"நான் சொன்னா, மருமகனுக்கு என்ட சமையல் பிடிக்கல்லயாம் என்டு அம்மா மூணு நாளைக்கு அழுவா. நீங்க தின்டுட்டுப் போய்ப் படுங்க."

பச்சை

மறுபடி செட்டிபாளையம். சிறுநீரில் சீனி பார்ப்பதைச் செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும். வாலிபர்கள் வெட்கப்பட்டார்கள். வீராப்பாக என்னுடையதையே கொண்டு வந்தேன். நீல மருந்தில் சில துளி விட்டு, சுடவைத்தால் நீலமாகவே இருக்க வேண்டும், பச்சையானால் கவனம், செங்கல் நிறமானால் ஆபத்து என்று விளக்கிக்கொண்டே குழாயைத் தீயில் பிடித்தேன்.

நீலம் கலங்கியது. மெல்ல மெல்லப் பச்சையானது. முப்பது பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். எனக்கு, கால் போன பக்கம் மடித்துக் கட்டிய அப்பாவின் சாரம் கண்ணுக்குள் வந்தது. அழுதுவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன். அப்போதுதான் முன்வரிசையில் ஒருவன் உண்மையான அக்கறையோடு கேட்டான்.

"சேர், இனி நாங்க எல்லாரும் ஓடணுமா, இல்லாட்டி நீங்க மட்டும் ஓடினாப் போதுமா?"

வளவுக்குள்

என் சைக்கிள் வீட்டுக்கு வருமுன் சங்கதி வந்துவிட்டது. பலகாரம் இல்லை. மாமி அடுப்படி வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் மூடி வைத்த சோறு, ஆறிப்போன சோறு. அதை அங்கேயே, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட வைத்தார். படுக்கப் போனவனை மறித்து, தெருவில் நடக்க முடியாவிட்டால் வேலிக்குள்ளே, வளவில் வீட்டைச் சுற்றி நடக்கச் சொன்னார். நான் சுற்ற, அவரும் பின்னாலேயே சுற்றினார். நாலாவது சுற்றில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச கதைய எனக்கு ஒருக்காச் சொல்லியிருந்தா, நான் உங்களுக்கு இப்படிப் போட்டிருப்பனா மருமகன்?"

இத்தனை வருஷப் பேச்சில் நான் திருத்தியதாக அடித்துச் சொல்லக்கூடிய ஒரே வாலிபன் நான்தான், அதுவும் மாமி சொன்ன பிறகுதான்.