பெருவிரலுக்கு முன் ஒரு கேள்வி

மனு எழுதும் நஞ்சப்பா இறந்துவிட்டார் என்ற செய்தியை எனக்குக் கொண்டுவந்தவள் உத்தனப்பள்ளி வெங்கட்டம்மா. காலை ஜெபம் முடித்து எழுந்தபோது வாசற்கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். சாலைக்கு ஜல்லி உடைக்கப் போகிற வழி. கையில் சுத்தியல் இருந்தது.

"மனு ஐயா பூட்டாரும்மா. விடியறப்போ, மூக்கண்டப்பள்ளி வீட்டுல."

நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். அவளை உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. போகவும் இல்லை.

ஓசூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, புங்க மரத்தடியில், அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து குறைகளைச் சொன்னவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். பலர் யாராவது படித்துச் சொல்லக் கேட்பீர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்ட ஒரே ஓர் உதவியை நான் செய்யாமல் விட்டதை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நில அளவைத் துறையில் வேலை பார்த்த என் கணவர் இறந்த பிறகு, வீட்டு மனை சம்பந்தமாக நான் அந்த அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. என் மனுக்களை நானே ஆங்கிலத்தில் எழுதுவேன். கன்னியர் மடப் பள்ளியில் பயின்ற கையெழுத்து. யார் உதவியும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் அழைப்பு வரும்வரை மரத்தடியில் நின்று நஞ்சப்பா வேலை செய்வதைப் பார்ப்பேன். தெலுங்கில் கேட்பார், கன்னடத்தில் அதட்டுவார், தமிழில் எழுதுவார். எழுதியதை வந்தவருடைய வீட்டுமொழியில் திருப்பிச் சொல்வார். அதன் பிறகும், பெருவிரல் ரேகை வைப்பதற்கான மைப்பெட்டியைத் திறக்க மாட்டார். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இப்ப நீ சொல்லு. என்ன எழுதியிருக்குது?" என்பார்.

வண்டிப்பாதையை அடைத்துவிட்டார்கள் என்று ராயக்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர், "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் சாமி, மையைக் குடுங்க" என்றார்.

"உன் எருமையை எனக்கு வித்துட்டேன்னு எழுதியிருக்குது."

"ஐயையோ! அது சினை எருமை சாமி!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "எருமைன்னா மட்டும் காது கேக்குது. இன்னொரு வாட்டி படிக்கறேன், ஒழுங்கா கேளு" என்றார் நஞ்சப்பா. ஒரு மனுவுக்கு இத்தனை நேரமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "கையெழுத்துப் போடறவனுக்குக் கண்ணு இருக்குதுங்க சர்வேயரம்மா. பெருவிரலுக்குக் கண்ணு ஏது?" என்றார். நன்றாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

குத்தகைக்கு உழுகிறவர்களை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது அதற்கடுத்துத்தான். ஆனால் உழுகிறவரே மனமொப்பி நிலத்தை விட்டுவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? நிலம் வைத்திருந்தவர்கள் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். உத்தனப்பள்ளி நிலக்காரர் ஒருவருடைய காரியஸ்தர் ஒரு நாள் முற்பகலில் வெங்கட்டம்மாவை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். தாலுகா அலுவலகம் வரை வந்தவர் மரத்தடிக்குப் போகாமல் என் வீட்டுக்கு ஏன் வந்தார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். என் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெங்கட்டம்மா எனக்குத் தெரிந்தவள். என்னைப் போலவே கணவனை இழந்தவள்; அந்த நிலக்காரரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்தவள். அவரைக்காய்க் கூடையோடு வாரம் ஒருமுறை வருவாள். பத்திரத்தை முழுவதும் படித்தேன். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்திட்டதில்லை. அவளுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். "எவ்விதக் கட்டாயமும் இன்றி, என் மனப்பூர்வமான சம்மதத்தின்பேரில், மேற்படி நிலத்தின் அனுபோகத்தைத் தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டேன்." நிறுத்தி, தெளிவாக, ஓர் எழுத்தும் விழுங்காமல் படித்தேன்.

"சம்மதந்தானா?" என்று கேட்டேன்.

"சரிம்மா" என்றாள். பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள்; கீழே நான் சாட்சிக் கையெழுத்திட்டேன்.

புதுச் சட்டப்படி அவள் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்கிற காகிதம் என்று காரியஸ்தர் வழியெல்லாம் அவள் வீட்டுமொழியான தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த உழவுக்கு ஏர் பூட்டிப் போனபோது நிலத்தில் வேறு ஆள் நின்றிருந்தான். அவள் நேரே புங்க மரத்தடிக்கு ஓடினாள். நஞ்சப்பா கெடு தவறாமல் மனுப் போட்டார்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"சர்வேயரம்மா, நான் வக்கீல் இல்லை. உள்ளே நான் வாயைத் திறக்க முடியாது. நீங்க அதிகாரிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அந்தக் காகிதத்தை அவளுக்கு மறுபடியும் படிச்சிட்டு, என்ன எழுதியிருக்குதுன்னு அவளையே சொல்லச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் விசாரித்த அதிகாரி இளைஞர். எதிர்த்தரப்பு வக்கீல் வெங்கட்டம்மாவிடம், "உனக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா?" என்றார்.

"தெரியாம என்னாங்க? ராயக்கோட்டைச் சந்தையில தமிழ்லதானே யாவாரம் பண்றேன்" என்றாள், நிமிர்ந்து நின்று. இந்த எல்லைப்புறத்தில் மூன்று மொழி தெரியாது என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? அவரைக்காய் விற்கிற தமிழும் அனுபோகத்தை ஒப்படைக்கிற தமிழும் ஒன்றென்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

அதிகாரி என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். பத்திரத்தைப் படித்துக் காட்டினீர்களா? காட்டினேன். அவள் உங்களிடம் தமிழில் பேசுவது வழக்கமா? வழக்கம். சம்மதம் கேட்டீர்களா? கேட்டேன், சரி என்றாள். இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்கிறவர்களைப் பார்ப்பது அரிது என்று அவர் சொன்னார்.

அப்போது தாழ்வார ஜன்னலுக்கு வெளியே நஞ்சப்பாவைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். இப்போது கேளுங்கள் என்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று மடத்தில் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மைக் காரணம் வேறு. பாடம் மறந்த மாணவிக்கு ஜாடை காட்டுவதுபோல ஒரு மனு எழுதுகிறவர் எனக்கு ஜாடை காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதிகாரிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிவந்தேன்.

நிலத்தை அவள் மனமொப்பி விட்டுக்கொடுத்ததாகத் தீர்ப்பாயிற்று.

மரத்தடியைக் கடக்காமல் வீட்டுக்கு வர முடியாது. அவரைப் பார்த்ததும், அவர் கேட்காமலே, "நான் உண்மையைத்தான் சொன்னேன்" என்றேன்.

"ஆமாங்கம்மா. ஒரு பொய்கூட இல்லை. ஒண்ணு இருந்திருந்தா அதைப் பிடிச்சிக்கினு மேலே மனுப் போட்டிருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்து, மறந்துபோயிருப்பேன். மேலே ஒரு மனுவும் போட்டுப் பார்த்தார். அது அப்படியே திரும்பி வந்தது. அதன் பிறகும் சந்தையில் என்னைக் கண்டால் கும்பிடுவார். நிலம் போனதும் வெங்கட்டம்மாவின் அவரைக்காய்க் கூடை நின்றது. சில மாதங்களில் பெங்களூர்ச் சாலையோரம் ஜல்லிக் குவியலருகே அவளைப் பார்த்தேன்; முகத்தைத் திருப்பிக்கொண்டது நான்தான். அவள் உழுத கொல்லையில் இப்போது வேறு யாரோ கேழ்வரகு அறுக்கிறார்கள். சட்டம் இன்னமும் தாலுகா அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை எதிரே இருந்து எல்லாருக்கும் படித்துச் சொன்ன அந்த ஒருவரும் இனி இல்லை.

அன்று காலை செய்தி சொல்லிவிட்டும் வாசலிலேயே நின்ற வெங்கட்டம்மாவிடம், "ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்மா. கேஸ் போனப்புறம் ஐயா என்னை மரத்தடியில உக்கார வெச்சாரு. எதுல விரல் வெச்சன்னு உனக்குத் தெரிய வேணாமான்னு, ஒவ்வொரு வரியா தெலுங்குல சொன்னாரு. அப்புறம் தமிழையும் சொல்லிக்குடுத்தாரு. நான் முழுசா திருப்பிச் சொல்றவரைக்கும் விடலை. உங்ககிட்ட ஒருவாட்டி சொல்லணும்னு இருந்தேன். கேளுங்க."

சுத்தியலைக் கீழே வைத்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். "எவ்விதக் கட்டாயமும் இன்றி," என்று தொடங்கினாள். நான் நிறுத்திய இடங்களில் நிறுத்தி, நான் படித்தபடியே, ஓர் எழுத்தும் விழுங்காமல், கடைசி வரை சொன்னாள். பிறகு, "சரியாம்மா?" என்று கேட்டாள்.

சரி என்றேன். சுத்தியலை எடுத்துக்கொண்டு போனாள்.

நஞ்சப்பாவின் மைப்பெட்டியை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் விட்டுச்சென்றதில் என்னிடம் இருப்பது அந்தப் பத்திரம்தான், அவளுடைய குரலில்.