வீட்டுக்கு ஒரு 'பெரிய', கதவுக்கு ஒரு 'பெரிய'

இன்று மேலப்பாளையத்தில், துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் காதர் வீட்டில் எனக்கு மதிய விருந்து.

துபாயில் இவனோடு ஒரே அறையில் தங்கும் ஆப்கன் நண்பர், தம் ஊரில் கட்டிய புது வீட்டை வீடியோ காலில் சுற்றிக் காட்டினார். காதர் பஷ்தோவில் பொழிந்த புகழ்ச்சியைத் தாமிரபரணியே ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடியது.

போனை வைத்ததும் எனக்குப் பாடம் வேறு.

"அண்ணாச்சி, அந்தப் பாஷையில வீடு ஆம்பள. பெரிய வீடுன்னா 'லோய்'. கதவு பொம்பள. பெரிய கதவுன்னா 'லோயா'. ரெண்டு மூணு கதவுன்னா 'லோயே'. நான் ஒண்ணுகூட தப்பாச் சொல்லலையே!"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி மைமூனின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"நம்ம தமிழ்ல வீட்டுக்கும் கதவுக்கும் கறிக்குழம்புக்கும் ஒரே 'நல்ல'தான். எதையும் மாத்த வேண்டாம். அதச் சொல்ல உங்களுக்கு வாய் வரலையே? விடியக்காலம் எந்திரிச்சு ஆக்குதேன்."

காதர் என்னைப் பார்த்தான். நான் எலும்பைப் பார்த்தேன்.

"நல்ல குழம்பு," என்றான் பைய.

"கேக்கல."

"நல்ல குழம்பு, மைமூனு!"

கொக்கிரகுளம் வரை கேட்டிருக்கும். நின்ற கரண்டி கறியோடு அவன் தட்டில் இறங்கியது.

உலக சமாதானத்தை நிலைநாட்டிய பெருமிதத்தில் வீடு திரும்பி, "நல்ல காப்பி" என்றேன் என் இல்லத்தரசியிடம்.

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அங்கன என்னத்தத் தின்னீங்க?"

உம்ம வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று எழுதும்வே, தைரியம் இருந்தால்.