மேடத்தின் நீல வெளிச்சம்

நான் பத்தாவது வரை படித்தவன். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, உலர்த்தி, அடுக்கி வைப்பது என் வேலை. எங்கள் அறையில் மஞ்சள் விளக்கு மட்டும்தான் எரியும். வெள்ளை வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற பொருள்கள் அங்கே நிறைய. அந்த மங்கலில் யாரும் யார் முகத்தையும் உற்றுப் பார்க்க முடியாது. கூச்சக்காரனான எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்த அறை வேதியியல் பேராசிரியை ஒருவருடையது. எல்லோருக்கும் அவர் மேடம். இளம் வயதில், வெளிச்சம் பட்டால் ஒரு பொருள் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தாராம். பிறகு அதையே திருப்பிப் போட்டு, கரண்ட் கொடுத்தால் வெளிச்சம் தருகிற கார்பன் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். டிவி, போன் திரைகளுக்கு ஆகிற சமாச்சாரம். பச்சையும் சிவப்பும் நன்றாக உழைத்தன. நீலம்தான் சீக்கிரம் மங்கிவிடும். அவருடைய பாதி வாழ்க்கை அந்த நீலத்துக்கே போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும்தான்.

மதியம் நடைவழியில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். "இன்னைக்கு என்ன?" என்பார். "சித்ரான்னம் மேடம்" என்பேன். பல நாள் நான் மனிதரோடு பேசியது அவ்வளவுதான்.

ஓய்வு பெறுகிற வருடம், கடைசியாகச் செய்த நீல விளக்கு ஒன்றை அவர் கறுப்புப் பெட்டிக்குள் எரியவிட்டார். நகத்தளவு கண்ணாடிச் சில்லு. அது அணையாமல் எரிய வேண்டும். தசரா விடுமுறை முடியும் வரை வெளிச்சம் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது.

"தாங்கிடுச்சுன்னா இன்னும் ரெண்டு வருஷம் கேட்டு வாங்கிடுவேன். இல்லேன்னா மைசூர்ல அக்கா வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்" என்றார்.

அன்றிலிருந்து காலையில் வந்ததும் நானும் கம்ப்யூட்டர் திரையில் அதன் வெளிச்ச அளவைக் காட்டும் கோட்டைத்தான் முதலில் பார்த்தேன். மெல்ல இறங்கினாலும் பாதிக்கு மேலேயே இருந்தது.

ஆயுத பூஜையன்று மாணவர்கள் மிஷின்களைத் துடைத்துக் குங்குமம் வைத்தார்கள். கறுப்புப் பெட்டிக்கும் சாமந்திச் சரம் போட்டார்கள். எல்லோரும் கீழே பூசணிக்காய் உடைத்துவிட்டு மேலே வந்தபோது திரை அணைந்திருந்தது. மின்பலகை பக்கத்தில் எலக்ட்ரீஷியன் கற்பூரத் தட்டோடு நின்றார்.

"யாருப்பா மெயினை ஆஃப் பண்ணது?"

"நான்தான் மேடம். வருஷா வருஷம் பண்றதுதானே? பூஜையில மிஷின் ஓடலாமா? அதுக்கும் ரெஸ்ட் வேணாமா?"

"உன் ஸ்க்ரூடிரைவரைப் படுக்க வெச்சுக் கும்பிடறதுதானே!" என்று ஒரு மாணவன் கத்தினான்.

"விடுப்பா. அவருக்குத் தெரியாது" என்றார் மேடம்.

அது உண்மைதான். அதற்கு முந்தைய பூஜைகளில் எங்கள் அறையில் எதுவும் ஓடியதில்லை.

கரண்ட் வந்ததும் கோடு முன்பிருந்ததைவிட உயரத்தில் தொடங்கியது. மாணவர்கள் கை தட்டினார்கள்.

"நோடி மேடம், பாருங்க, ரெஸ்ட் கொடுத்தா நல்லதுன்னு நான் சொல்லல?" என்றார் எலக்ட்ரீஷியன்.

மேடம் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் ஓய்வு குடுத்தா இது தெளிஞ்சு எரியும். அப்புறம் பழையபடி இறங்கிடும். நடுவுல நின்னா கணக்குல சேராது. இது செல்லாது."

மற்றவர்கள் பொரி வாங்கக் கீழே போனார்கள். நான் மட்டும் நின்றேன்.

"முதல்லேருந்து இன்னொண்ணு ஆரம்பிக்கலாமே மேடம்?"

"அதுக்குப் பல மாசம் வேணும். எனக்கு இந்த மாசம்தான் இருக்கு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன், சாப்பிடறப்ப பேச ஆள் வேணுமா உங்களுக்கு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "சும்மா கேட்டேன் மேடம்" என்றேன்.

மாதக் கடைசியில் அவர் மைசூர் போய்விட்டார். சங்கராந்தியன்று ஈஜிபுராவில் என் அறையில் படுத்திருந்தபோது போன் செய்தார்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். நீங்க?"

"இருக்கேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.