பொறந்த வீட்டு உத்தரவு

கப்பல்ல போகணும்னு நான் ஒருநாளும் ஆசைப்பட்டவன் இல்லை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் போடியிலேர்ந்து மலை உச்சி மெட்டுக்கு ஏறுற ரோடும், மெட்டுக்கு அந்தப் பக்கம் கெடக்குற எங்க ஏலக்காய்த் தோட்டமும்தான். கொச்சியில வேலை பாக்குற என் மகன்தான் ஆரம்பிச்சு வச்சான். கொரோனா மொதல் அலை அடங்கி ஊரு கொஞ்சம் மூச்சு விட்டுக்கிட்டிருந்த சமயம். கொச்சியிலேர்ந்து தீவுகளுக்குப் போற சின்னக் கப்பல் ஒண்ணு ஆளில்லாம ஓடுதாம், டிக்கெட்டு பாதி வெலைக்குக் கெடைக்குதாம். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தீங்கள்ல, ரெண்டு பேரும் ஒரு நடை போயிட்டு வாங்கப்பா"ன்னான். வீட்டுல அடைஞ்சு கெடந்தது பத்தாதுன்னு கப்பல்ல வேற போயி அடையணுமாடான்னு கேட்டேன். அதுக்குள்ள என் பொண்டாட்டி பெட்டியை எறக்கித் தூசி தட்ட ஆரம்பிச்சுட்டா. அப்புறம் என் பேச்சு எங்க எடுபடும்?

அக்காகிட்டச் சொல்லிட்டு வரப் போனேன். அவளைப் பக்கத்து ஊரு சிலமலையில கட்டிக் குடுத்திருந்துச்சு. எங்க அப்பனும் ஆத்தாளும் போனதுக்கப்புறம் அவளுக்குப் பொறந்த வீடுன்னா நான் ஒருத்தன்தான். நான் போனப்ப மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தா. விஷயத்தைக் கேட்டதும், "ஏண்டா, கப்பல்ல கக்கூஸெல்லாம் இருக்குமா?"ன்னா. இருக்குமாம்னேன். "அப்பப் பயமில்ல, போயிட்டு வா. நல்ல மாசிக் கருவாடு கெடைச்சாக் கொண்டா." அவ்வளவுதான் பேச்சு. நானும் சோலி கெடக்குதுன்னு வண்டியை எடுத்துட்டேன்.

கெளம்புறதுக்கு முன்னாடியே ஆயிரத்தெட்டுச் சட்டம். இத்தனை மணி நேரத்துக்குள்ள எடுத்த டெஸ்டுதான் செல்லும், இந்த பாஸு வேணும், அந்த பாஸு வேணும். ஆசுபத்திரியில ஒரு பொண்ணு நீளக் குச்சியை மூக்குல விட்டுத் திருகுனா பாருங்க, மூக்கணாங்கயிறு குத்துறப்பக் கன்னுக்குட்டி ஏன் அந்தத் துள்ளு துள்ளுதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. மெட்டுல நான் காலமெல்லாம் ஏறி எறங்குறவன். செக்போஸ்டுல இருக்கவன் தலையை ஆட்டுவான், ஜீப்பு போயிரும். அன்னைக்கு அதே ஆளு என் நெத்திக்கு நேரா ஒரு துப்பாக்கியை நீட்டி, காய்ச்சல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் விட்டான். கொச்சியில கப்பல் ஏறுற எடத்துலயும் ஒரு துப்பாக்கி. கப்பலுக்குள்ள சோறு திங்கப் போனா அங்கயும் ஒண்ணு. கடலுக்குப் போறமா, சண்டைக்குப் போறமான்னு நான் கேட்டதுக்கு, கப்பல்காரப் பையன் முகமூடிக்குள்ள சிரிச்சான்னு நெனைக்கிறேன்.

மொத்தமே முப்பது பேரு இருந்தா அதிகம். சின்ன ரூமு, நல்ல ஏசி, வெள்ளைப் படுக்கை. எல்லாரும் மேல நின்னு கடலைப் பாத்து வாயைப் பொளந்தாங்க. என் பொண்டாட்டி, "ஏங்க, எப்படி இருக்கு பாருங்க"ன்னா. பாத்தேன். தண்ணி இருந்துச்சு. அந்த வருஷம் எனக்கு எல்லாமே அப்படித்தான் ஆயிருந்துச்சு. தெருவுல தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா விழ, எட்ட நின்னே கும்பிட்டுக் கும்பிட்டு, உள்ளுக்குள்ள எதுவோ மரத்துப் போச்சு. ஏலக்காய் வெலை ஏறுனாலும் ஒண்ணுதான், எறங்குனாலும் ஒண்ணுதான். மரத்துப்போன கால்ல எறும்பு ஊர்ற மாதிரி. ஊர்றது தெரியும், கடிக்கிறது தெரியாது.

மொதத் தீவுல எறக்கி விட்டாங்க. மணல்ல கயிறு கட்டி, அதுக்குள்ளதான் நடக்கணும்னாங்க. அங்கத்து ஆளுக கயித்துக்கு அந்தப் பக்கம், தென்னை மரத்தடியில நின்னு எங்களைப் பாத்தாங்க. நாங்க அவங்களைப் பாத்தோம். தண்ணி பச்சையுமில்லாம நீலமுமில்லாம இருந்துச்சு. கையை விட்டுப் பாத்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. சரின்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

மறுநாள் காலையில கப்பல்ல எல்லாருக்கும் திரும்ப மூக்குல குச்சி. கொஞ்ச நேரத்துல கூரையில இருந்த ஸ்பீக்கர் பேசுச்சு. ஒரு பயணிக்குத் தொற்று இருக்குதாம், எல்லாரும் அவங்கவங்க ரூமுக்குள்ளயே இருக்கணுமாம், சாப்பாடு வாசல்ல வந்துருமாம். ரெண்டாவது தீவு ஜன்னல்ல தெரிஞ்சுச்சு, ஆனா எங்களைச் சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. கப்பல் நங்கூரம் போட்டு, திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வரட்டும்னு அங்கயே நின்னுச்சு. தீவுல இருந்த டவரால போன் மட்டும் விட்டு விட்டு எடுத்துச்சு.

அந்த போன்லதான் என் மக கூப்பிட்டா. அவளைப் போடியிலயே குடுத்திருக்கு. "அப்பா, உக்காந்துக்கங்க"ன்னா. நான் உக்காந்துதான் இருந்தேன். "அத்தை போயிட்டாங்கப்பா. காலையில மாட்டுக் கொட்டத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவங்கதான்."

என் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். ரூமை விட்டு வரக்கூடாதுன்னு ஒரு மலையாளத்துப் பையன் ஓடியாந்தான். தோட்டத்துல பழகுன மலையாளத்துல விஷயத்தைச் சொன்னேன். ஒரு போட்டை எறக்கி விடு, கரையில நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன். அவன் நாலடி தள்ளி நின்னு, கையைக் கூப்புனான். "சேட்டா, ஒரு வழியும் இல்லா." சட்டையைப் பிடிச்சு உலுக்கலாம்னு கோவம் வந்துச்சு. அவன் கண்ணுல தண்ணி நின்னுச்சு, என் கண்ணுல இல்ல. அது என்ன எழவுன்னு எனக்கே புரியல. உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன்.

எங்க பக்கத்துல ஒரு மொறை உண்டு. கட்டிக் குடுத்த பொம்பளை செத்தா, பொறந்த வீட்டுலேர்ந்து கோடிச் சேலை வரணும். அதைப் போத்துனப்புறம், பொறந்த வீட்டு ஆம்பளை வாயைத் தெறந்து "எடுங்க"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் தூக்குவாங்க. எவ்வளவு பெரிய சம்சாரி வீடா இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்குக் காத்துக்கிட்டுத்தான் நிப்பாங்க. கோடி எடுக்க மக போயிட்டா. தெரிஞ்ச ஜவுளிக்கடைக்காரர் கடை தெறக்குறதுக்கு முன்னாடியே பாதிக் கதவைத் தூக்கிச் சேலை எடுத்துக் குடுத்தாராம். ஆனா சொல்லு என்கிட்ட இருந்துச்சு. வேற யார்கிட்டயும் இல்ல.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடி மக திரும்பக் கூப்பிட்டு, போனை மச்சான் கையில குடுத்தா. மச்சான்னா அக்கா வீட்டுக்காரர், அதிகம் பேசாத மனுசன். பின்னால ஒப்பாரி கேட்டுச்சு. "மாப்ளே, கோடி போத்தியாச்சு. கூட்டம் கூடக் கூடாதுங்கிறாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா எடுத்துருவோம்"னார். நான் போனை அந்தக் காதுலேர்ந்து இந்தக் காதுக்கு மாத்துனேன். "மாப்ளே, இருக்கியா?" இருக்கேன் மச்சான்னேன். அக்கா மொகத்தைக் காட்டச் சொல்லலாமான்னு நெனைச்சேன், கேக்கல. அந்த நேரம் பாத்து ஸ்பீக்கர் பேசுது, கப்பல் கொச்சிக்குத் திரும்புதுன்னு. தரையில ஒரு அதிர்வு. இனிமே டவர் போயிரும்னு என் பொண்டாட்டி கையை ஆட்டுனா. கண்ணை மூடிக்கிட்டு ஒரே மூச்சுல சொன்னேன். "எடுங்க மச்சான்."

போனைக் காதுலேர்ந்து எடுத்துப் பாத்தப்ப டவர் இல்ல. ஜன்னல்ல தீவு சின்னதாகிக்கிட்டே போச்சு.

ரெண்டு பேரும் பைப்புல தலைக்கு ஊத்துனோம். சுத்தியும் கடலை வச்சுக்கிட்டுப் பைப்புத் தண்ணி. வாசல்ல சாப்பாடு வச்சிருந்தாங்க, சோறு, பருப்பு, ஏதோ ஒரு காய். அவ தொடல. நான் முழுசாத் தின்னேன். ருசியெல்லாம் தெரிஞ்சுச்சு, அதுதான் கொடுமை. அப்புறம் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்தேன். நம்ம கடமை முடிஞ்சதுன்னு ஒரு நெனைப்பு. அப்படி ஒரு தூக்கம் எனக்கு வருஷக்கணக்குல வந்ததில்ல. எந்திரிச்சப்ப ஜன்னல் இருட்டிப் போயிருந்துச்சு.

கொச்சியில எறக்கி, ஒரு ஓட்டல் ரூமுல தனியா வச்சாங்க. அக்காவுக்குக் கருமாதியும் நாங்க உள்ள இருக்கும்போதே முடிஞ்சுருச்சு. மக போன்ல, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சுப்பா, நீங்க ஒடம்பைப் பாருங்க"ன்னா. நான் அதுக்கு மேல கேக்கல, அவளும் அதுக்கு மேல சொல்லல.

விட்டதும் நேரா சிலமலைதான். துக்க வீட்டுல வான்னு கூப்பிட மாட்டாங்க, மச்சான் கையை நீட்டுனார், தொட்டுட்டு உக்காந்தேன். பொம்பளைக உள்ள என் பொண்டாட்டியைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. நாங்க ரெண்டு பேரும் வெளிய கயித்துக் கட்டில்ல இருந்தோம். தண்ணிச் செம்பை என் பக்கம் தள்ளி வச்சுட்டு, "கப்பல் எப்படி இருந்துச்சு?"ன்னார். இருந்துச்சு மச்சான்னேன்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது"ன்னார். துண்டைக் கையில சுத்திக்கிட்டே இருந்தார். "நீ சொல்லாமயே எடுத்துட்டோம். லைனு அந்துபோச்சு. உன் மக திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துச்சு, போகல. பயலுக எடுத்துருவோம்னானுக, ஊர்க்காரங்களும் வெரசா வெரசான்னாங்க. அவன் கூப்பிடுவான், பொறுங்கடான்னு நான்தான் நிப்பாட்டி வச்சேன். பொழுது எறங்குற வரைக்கும் பாத்தோம். அதுக்கு மேல வைக்க முடியல. உன் உத்தரவு இல்லாம உங்கக்காவை அனுப்பிட்டேன்னு எனக்குத் தூக்கமே இல்ல மாப்ளே."

பொழுது எறங்குற வரைக்கும். வாசல்ல கோடிச் சேலை போத்தி, மாலை வாடிப்போயி, என் அக்கா என் ஒரு சொல்லுக்காகக் கெடந்திருக்கா. நான் ஏசியில கொறட்டை விட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

"சொன்னேன் மச்சான். நான் அப்பவே சொல்லிட்டேன்."

அவர் நிமிந்து பாத்தார். "சொன்னியா?"

"சொன்னேன். உங்களுக்குத்தான் வரல."

"சத்தியமா?"

"எங்கக்கா மேல சத்தியமா."

அந்த மனுசன் துண்டால மொகத்தைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அவர் முதுகுல கையை வச்சுக்கிட்டு, பொம்மை கணக்கா உக்காந்திருந்தேன். அழுது முடிச்சு மூக்கைத் தொடச்சவர், என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இன்னொரு தடவை சொல்லிரு மாப்ளே. என் காதால கேட்டுக்கிறேன், நிம்மதியாப் போகும்"னார்.

ஒத்தைச் சொல்லு. நடுக்கடல்ல ஒரே மூச்சுல சொன்னதுதான். சொல்லிருவோம்னு வாயைத் தெறந்தேன். கண்ணு ரெண்டும் பொங்கிருச்சு.

"எடுக்காதீங்க மச்சான்"னுதான் வந்துச்சு.